மூடியைத் திறக்கக் கூடாது

ஆப்பிளைத் தோலோடு மசிக்கலாம் என்று சொல்கிறவர்கள் சோம்பேறிகள். எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. எட்டு ஆப்பிள். தோல் சீவி, விதை எடுத்து, துண்டு போட்டு, அரை டம்ளர் தண்ணீரும் ஒரு விரல் நீளப் பட்டையும் சேர்த்து, ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் ஆறு மணி நேரம். நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சூடெல்லாம் போய்விடும், இன்னும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். என் மகளிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன், மேடம். அவசரப்படுத்தினால் எனக்கு ஓடாது.

நான் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். தினம் இருநூறு பேர் சாப்பிடுவார்கள், ஒருவரும் முகம் சுளித்ததில்லை. என் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்ததும் சமையலறை நாட்காட்டியில் அன்றைய கட்டத்தில் சிவப்புப் பேனாவால் எழுதுவார். உப்பு அதிகம். வேகவில்லை. ஆறிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நன்றாக இருந்த நாளில் கட்டம் காலியாக இருக்கும். பிழை இல்லாத இடத்தில் பேனாவுக்கு என்ன வேலை என்பார். இப்படி முப்பத்தொரு நாட்காட்டிகள்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. மெல்ல முடியாது, கூழாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆப்பிள் மசியல் செய்தேன். ஒவ்வொரு கரண்டிக்கும் வாயைத் திறந்தார், மூடினார். கட்டங்கள் காலியாகவே இருந்தன. என் கல்யாண வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று மாதம்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "இனிமே கெட்டியான சாப்பாடே குடுங்கம்மா. மென்னு தின்னாத்தான் நாக்குக்கு பலம் வரும். வருஷக் கடைசிக்குள்ள ஐயா பேசிடுவாரு."

அவள் போனதும் அவர் சக்கர நாற்காலியை நாட்காட்டிப் பக்கம் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். இடது கையால் பேனாவைப் பிடித்துக் கோணல்மாணலாக எழுதினார். இனிப்பு அதிகம்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துவிட்டோம், இனி வர வேண்டாம் என்றேன். டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்த தூக்க மாத்திரைகளைப் பொடித்தேன். கிண்ணத்தில் கலக்க முடியாது, அவர் கண் என் கைமேலேயே இருக்கும். அதனால் காலையிலேயே குக்கரில் போட்டுவிடுவேன். இரண்டு நாள் கழித்து எழுதினார். கசப்பு. உடம்பில் பாதி போனாலும் அந்த நாக்கு மட்டும் அடங்கவில்லை பாருங்கள். பட்டையைக் கூட்டினேன். பேனாவை எடுத்து பீரோவின் மேல் வைத்தேன். அவர் குறை சொன்னார், நான் திருத்திக்கொண்டேன். முப்பத்தொரு வருடமாக நான் செய்துவந்தது அதுதானே.

எட்டு மாதம், மூன்று வேளையும் மசியல்தான். இருபது கிலோ இளைத்துவிட்டார் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. இருக்கட்டும். பட்டினி போட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு வேளை தவறியதில்லை.

மகள் வரும்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அப்பாவுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். போன வாரம் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வந்துவிட்டாள். பாத்திரத்து ஓரத்தைச் சுரண்டித் தின்பது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். நான் திரும்பியபோது குக்கர் மூடி மேடைமேல் இருந்தது. கையில் கரண்டியோடு அவள் மேசையில் தலை சாய்த்துக் கிடந்தாள். கூட்டிப்போக வந்த மாப்பிள்ளை எழுப்பிப் பார்த்தார், எழவில்லை. அவளையும் என் கணவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், குக்கரையும் விடாமல் தூக்கிக்கொண்டு போனார்.

அவள் கண் விழித்ததும் என்னைக் கேட்டது ஒன்றுதான். "அப்பாவுக்கு என்னம்மா குடுத்தே?"

"மூடியைத் தெறக்காதேன்னு சொன்னேன்ல" என்றேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

கொல்லப் பார்த்தாயா என்கிறீர்கள். கொல்ல நினைக்கிறவள் தினமும் எட்டு ஆப்பிளுக்குத் தோல் சீவிக்கொண்டு நிற்பாளா? அவர் பேசாமல், எழுதாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் கலந்தேன். தெரிந்தே கலந்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் அவர் வாய் திறந்து பேசிவிட்டார் என்று படித்துக் காட்டினீர்கள். "பசிக்குது" என்றாராம். பாவம் மனிதர் என்றீர்கள்.

உங்களுக்கு அவரைத் தெரியாது. உப்பு என்று சொல்லவில்லை, கசப்பு என்று சொல்லவில்லை. அங்கே விதவிதமாகக் கொடுத்தும் பசிக்கிறது என்கிறார் என்றால், என் கை மசியலைத்தான் கேட்கிறார். வீட்டில் இன்னும் ஆறு ஆப்பிள் இருக்கிறது, அழுகுவதற்குள் என்னை அனுப்பி வையுங்கள்.