குப்பைக்கூடையில் பரங்கித் தோல்

எர்லீன்: சரி... சூப்புக்குன்னே வச்சுக்குவோம். சூப்பு எங்க?

ஷோண்டா: குடிச்சாச்சு அண்ணி.

எர்லீன்: தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு, வான்கோழிக்காக ஊரே வயித்தைக் காயப் போட்டுட்டு உக்காந்திருக்கு. நீயும் என் தம்பியும் மட்டும் காலங்காத்தால ஒரு முழுப் பரங்கிக்காயை சூப்பு வச்சுக் குடிச்சீங்க?

ஷோண்டா: சின்னக் காய்தான்...

எர்லீன்: தோலைப் பாத்தா சின்னக் காய் மாதிரி தெரியலயே.

ஷோண்டா: வீட்டுக்கு வந்தா எல்லாரும் ஹாலைப் பாப்பாங்க, சுவத்துல மாட்டின படத்தைப் பாப்பாங்க. குப்பைக்கூடையைப் பாக்குற நாத்தனார் இந்த மேக்கன் ஊர்லயே எனக்கு மட்டும்தான் வாய்ச்சிருக்கு.

எர்லீன்: மூக்கைத் துடைச்ச காகிதத்தைப் போடப் போனேன், கண்ணுல பட்டுச்சு. தள்ளு, ஓவன் அடுப்பைத் திறக்கணும்.

ஷோண்டா: ஐயோ, வேணாம்! மேல முறுகல் புடிக்கிற நேரம். திறந்தா சூடெல்லாம் போயிடும்.

எர்லீன்: முப்பத்திரெண்டு வருஷமா இந்தக் குடும்பத்துக்கு சீஸ் மக்ரோனி பண்ணினவளுக்கு நீ முறுகல் பாடம் எடுக்கிற.

ஷோண்டா: இந்த வருஷம் மாமா வீட்டு விருந்துக்கு அந்தப் பொறுப்பை நீங்களேதானே என்கிட்ட குடுத்தீங்க? சர்ச் வாசல்ல, அத்தனை பேர் முன்னாடி... 'இந்தத் தடவை மக்ரோனி ஷோண்டா'ன்னீங்க. லூஷியஸ் மாமா கையில இருந்த தடியே கீழ விழுந்துடுச்சு.

எர்லீன்: விழாம என்ன செய்யும்? பதினோரு வருஷமா வெறும் ஐஸையும் காகிதக் கப்பையும் தூக்கிட்டு வந்தவ நீ.

ஷோண்டா: அதுவும் எதுக்கு? கல்யாணமான புதுசுல பண்ணின ஒரே ஒரு தப்புக்கு...

எர்லீன்: ஒரே ஒரு தப்பா? உருளைக்கிழங்கு சாலட்ல உலர்ந்த திராட்சையைப் போட்டடி! எழவு வீட்டுல கூட இன்னும் அதைத்தான் பேசுறாங்க.

ஷோண்டா: உடம்புக்கு நல்லதுன்னு ஒரு புஸ்தகத்துல இருந்துச்சு...

எர்லீன்: அதை எழுதினவனுக்கு மாமியார் வீடே இருந்திருக்காது.

ஷோண்டா: என்னை மட்டுமா சொல்றீங்க? நம்ம சொந்தக்காரி பெர்னிஸ் பாவம், விருந்துக்கு வச்ச கீரைல உப்புப் பன்னிக்காலுக்குப் பதிலா வான்கோழிக் கழுத்துதான் போட்டா. உப்பு குறையட்டும்னு. ரெண்டு வருஷம் அவ பாத்திரத்துப் பக்கம் ஒருத்தரும் போகல.

எர்லீன்: நல்லாத்தான் இருந்துச்சு அந்தக் கீரை.

ஷோண்டா: என்னது?

எர்லீன்: ஒண்ணுமில்ல. அவ வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். மேஜைல வைக்கும்போதே 'இது உடம்புக்கு நல்லது'ன்னா. அப்புறம் எவன் தொடுவான்?

கிளிஃப்டன்: ஷோண்டா! ஐஸ் அஞ்சு பை வாங்கிட்டேன், போதுமா? அட, அக்கா வந்தாச்சா? உன் வண்டில இருக்கிறதை எடுத்து என் வண்டில வச்சிடறேன், டிக்கி சாவி குடு.

எர்லீன்: டிக்கியைத் தொட்ட... கையை ஒடிச்சிடுவேன்.

கிளிஃப்டன்: அப்படி என்ன இருக்கு, தங்கமா?

எர்லீன்: சர்ச்சுக்குப் பழைய துணி. போ, போய் ஐஸை நிழல்ல வை.

ஷோண்டா: கிளிஃப்... அப்படியே மாத்திரை... மாத்தி... சட்டையை மாத்திக்கோ.

கிளிஃப்டன்: சட்டைக்கு என்ன? ...ஓ. ஆமா ஆமா. மாத்திட்டேன். காலைல எழுந்ததுமே மாத்திட்டேன்.

எர்லீன்: காலைல மாத்தின சட்டைல நேத்து சாஸ் கறை எப்படிடா?

கிளிஃப்டன்: ஐஸ் உருகுது, நான் வரேன்.

எர்லீன்: ஓடுறான் பாரு. ஏன்டி, அவன் சட்டையைத்தான் மாத்தினானா?

ஷோண்டா: முறுகல் ஆயிருக்கும் அண்ணி... நான் அடுப்பைப் பாக்குறேன்.

எர்லீன்: நானே பாத்துக்கிறேன். தள்ளு... இதென்ன, அடுப்புக்குள்ள ரெண்டு தட்டு!

ஷோண்டா: நிறைய பேர் வராங்கன்னு...

எர்லீன்: ஷோண்டா.

ஷோண்டா: ...இந்தப் பக்கம் இருக்கிறது நீங்க குடுத்த செய்முறைக் கார்டுல எழுதியிருக்கிறபடி. நாலு தினுசு சீஸ், ரெண்டு கட்டி வெண்ணெய், ஆறு முட்டை, டின் பால். ஒரு சொட்டு மாத்தல, சத்தியமா.

எர்லீன்: அந்தப் பக்கம் இருக்கிறது?

ஷோண்டா: அதுவும் மக்ரோனிதான்.

எர்லீன்: சூப்பு குடிச்ச மக்ரோனியா?

ஷோண்டா: ...பாதி சீஸ். மீதிப் பாதி பரங்கிக்காய். வேக வச்சு மசிச்சு... நெறம் ஒண்ணுதானே, கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். என்னைத் திட்டிடுங்க. மாமா வீட்டுல அத்தனை பேர் முன்னாடி திட்டாம இங்கயே திட்டிடுங்க.

எர்லீன்: யாருக்காகடி இது?

ஷோண்டா: எனக்குத்தான்... இடுப்பு பெருத்துப் போச்சு...

எர்லீன்: உன் இடுப்பு பதினோரு வருஷமா அப்படியேதான் இருக்கு. யாருக்கு?

ஷோண்டா: சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான் அண்ணி.

எர்லீன்: நீ சொல்ல வேணாம். நான் கேக்குறேன், நீ தலையை மட்டும் ஆட்டு. பிரஷரா?

ஷோண்டா: ...

எர்லீன்: ஆமான்னு ஆட்டுற. எவ்வளவு?

ஷோண்டா: தலையாட்டி எப்படி நம்பர் சொல்றது?

எர்லீன்: வாயைத் திற அப்ப!

ஷோண்டா: நூத்தி எழுபத்தெட்டு. செப்டம்பர்ல, பஸ் டிரைவர்களுக்கெல்லாம் பரிசோதனை வச்சாங்கல்ல, அப்ப. மூணு மாசம் டயம் குடுத்திருக்காங்க. டிசம்பர் பத்தாம் தேதி மறுபடி பாப்பாங்க. நூத்தி நாப்பதுக்குக் கீழ இறங்கலன்னா ஸ்கூல் பஸ்ஸைத் தொட விட மாட்டாங்க. பத்தொம்பது வருஷம் அண்ணி... அந்தப் பிள்ளைங்க பேரு, எந்தப் பிள்ளைக்கு எந்த வாசல்ல நாய் குரைக்கும்... எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அதை விட்டுட்டு வீட்டுல உக்காந்தான்னா உடைஞ்சு போயிடுவான்.

எர்லீன்: மாத்திரை சாப்பிடுறானா?

ஷோண்டா: சாப்பிடுறான். வீட்டுல உப்பைக் குறைச்சிட்டேன், ஒண்ணும் சொல்லல. ஆனா மாமா வீட்டு மேஜையைப் பாத்தா அவனுக்குப் பிரேக்கே கிடையாது. உங்க மக்ரோனின்னா மூணு தட்டு.

எர்லீன்: அவன் அண்ணன் ராஸ்கோ மாதிரி.

ஷோண்டா: ...ஆமா. ராஸ்கோ அத்தான் மாதிரியேதான். மூலை முறுகலுக்கு அண்ணனும் தம்பியும் கரண்டிச் சண்டை போடுவாங்களே... அத்தானும் இப்படித்தானே, உயிர் போற வரைக்கும் பிரஷர்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அதான் பயம் அண்ணி. ராத்திரி அவன் மூச்சு விடுறானான்னு கையை வச்சுப் பாக்குறேன்.

எர்லீன்: ...சரி, அழாத. மக்ரோனில கண்ணீர் விழுந்தா அதுவும் உப்புதான்.

ஷோண்டா: போங்க அண்ணி.

எர்லீன்: எந்தத் தட்டைக் கொண்டு போறதா இருக்க?

ஷோண்டா: அதான் விடியக்காலைல இருந்து தெரியாம நிக்கிறேன். கார்டு தட்டைக் கொண்டு போனா எனக்கு மரியாதை, அவனுக்கு ஆபத்து. பரங்கித் தட்டைக் கொண்டு போய் மாமா கண்டுபிடிச்சிட்டார்னா, சாகுற வரைக்கும் எனக்கு ஐஸ்தான். அது போனாப் போகுது... 'ஏன்டி இப்படிப் பண்ணின'ன்னு எல்லாரும் குடைவாங்க. அவன் விஷயம் வெளில வந்துடும். அவனால தலை நிமிர முடியாது.

எர்லீன்: ரெண்டு கரண்டி எடு.

ஷோண்டா: எதுக்கு?

எர்லீன்: நான் கண்ணை மூடிக்கிறேன். எதுன்னு சொல்லாம ஊட்டு. என் நாக்கு கண்டுபிடிக்கலன்னா மாமா நாக்கெல்லாம் ஒரு நாக்கா?

ஷோண்டா: ஓரக்கண்ணால பாக்கக் கூடாது.

எர்லீன்: வயசு அறுபத்தொண்ணு எனக்கு. ஊட்டுடி.

ஷோண்டா: இந்தாங்க... ஊதித் தின்னுங்க, சுடும்... என்ன அண்ணி? எப்படி இருக்கு?

எர்லீன்: ...ரொம்ப நாளாச்சு.

ஷோண்டா: என்ன ரொம்ப நாளாச்சு?

எர்லீன்: ஒண்ணுமில்ல. அடுத்தது குடு.

ஷோண்டா: இந்தாங்க.

எர்லீன்: ம்... ம். இதுதான்.

ஷோண்டா: எது?

எர்லீன்: இதுதான் என் மக்ரோனி. லூஷியஸ் மாமா ஒவ்வொரு வருஷமும் நாலு தட்டு தின்னுட்டு என்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாரே, அது இது. சந்தேகமே இல்ல. இதையே எடுத்துட்டு வா.

ஷோண்டா: அண்ணி...

எர்லீன்: கண்ணைத் திறக்கட்டா?

ஷோண்டா: அது பரங்கிக்காய் அண்ணி. ரெண்டாவதா குடுத்தது பரங்கிக்காய்.

எர்லீன்: அப்படியா.

ஷோண்டா: 'அப்படியா'வா? உங்க நாக்கையே ஏமாத்திட்டேனா நான்? ...இருங்க. நீங்க பொய் சொல்றீங்க. நான் அழுதேன்னு பரிதாபப்பட்டு சொல்றீங்க.

எர்லீன்: பரிதாபமா? எனக்கா? அதுவும் உருளைக்கிழங்குல திராட்சை போட்டவ மேலயா?

ஷோண்டா: பின்ன எப்படி? பாதிக்குப் பாதி பரங்கிக்காய். உங்களுக்கா தெரியாம இருக்கும்?

எர்லீன்: ஒண்ணு கேக்குறேன். முன்னாடியெல்லாம் என் மக்ரோனியைத் தின்னா என்ன ஆகும்?

ஷோண்டா: எல்லாரும் சோபால கவுந்துடுவோம். மூணு மணி நேரம் எழுந்திரிக்க முடியாது.

எர்லீன்: இப்ப?

ஷோண்டா: இப்பக் கொஞ்ச வருஷமா அப்படி இல்ல. மாமா கூட எழுந்து ஆடுறார். கைப்பக்குவம் கூடிடுச்சுன்னு எல்லாரும்... அண்ணி?

எர்லீன்: அந்தக் கார்டு எங்கம்மா எழுதினது. அதுல உள்ளபடி நான் கடைசியா பண்ணின வருஷம் ராஸ்கோ மூணு தட்டு தின்னான். அடுத்த மார்ச்ல அவனை அடக்கம் பண்ணினோம். அதுக்கப்புறம் என் கை அந்த வெண்ணெயைத் தொடல.

ஷோண்டா: அப்ப இத்தனை வருஷமா... நாங்க எல்லாரும்...

எர்லீன்: வழிச்சு வழிச்சுத் தின்னீங்க.

ஷோண்டா: ஒருத்தர்கிட்டயும் சொல்லலயே நீங்க!

எர்லீன்: சொன்னா பெர்னிஸ் கீரைக்கு ஆன கதிதான். செப்டம்பர்ல சர்ச் விருந்துல கிளிஃப்டன் பன்னிக்கறி வேணாம்னு தட்டைத் தள்ளினான் பாரு, அன்னிக்கே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. அவன்கிட்ட கேட்டா சொல்ல மாட்டான். அவன் கூட இருக்கிறவ என்ன பண்றாள்னு பாக்கலாம்னுதான் மக்ரோனியை உன் கையில குடுத்தேன்.

ஷோண்டா: நான் கார்டை அப்படியே நம்பிப் பண்ணியிருந்தா? அவன் வயித்துக்குள்ள அது போயிருக்குமே அண்ணி!

எர்லீன்: போக விடுவேனாடி? இந்தா, சாவி. என் வண்டி டிக்கியைத் திற, பழைய துணியெல்லாம் ஒண்ணும் இல்ல... மாத்தி வைக்க நான் பண்ணின மக்ரோனித் தட்டு ஒண்ணு இருக்கு, ஒரு வாய் தின்னு பாரு. பரங்கிக்காயை வேக வைக்கக் கூடாது, சுடணும், அப்புறம் ஒரு ஸ்பூன் கடுகுப்பொடி போட்டாத்தான் அதோட தித்திப்பு வாயை மூடிக்கிட்டு இருக்கும்... அதைக் கண்டுபிடிக்க எனக்கே ரெண்டு தேங்க்ஸ்கிவிங் ஆச்சு.