மேலே மட்டும் பார்க்கும் மீன்கள்

“கட்டுரையில என் பேரையும் போடுங்க சார்.”

நான் கேட்டது இவ்வளவுதான். இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். “பெரிய இடம். வேலையக் கத்துக்கோ. பேரு கீருன்னு வாயத் திறந்துடாத.” எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மாவுக்கு அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டத் தெரியும். அதை வைத்துக்கொண்டு எதைக் கேட்கலாம் என்று தெரியாது.

நீங்கள் அக்காவைப் பற்றியே கேட்கிறீர்கள். வருகிறேன். முதலில் மீன்.

பேராசிரியர் வீட்டு முன்னறைத் தொட்டியில் ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஏழு இருந்தன. நீர்மட்டத்தில் காய்ந்த இலை மாதிரி அசையாமல் கிடக்கும். துடுப்பை விரித்தால் சிறகு. மூடியில் கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் துள்ளித் தரைக்கு வந்துவிடும். பார்வை எப்போதும் மேலேதான். இரை கீழே மூழ்கிவிட்டால் பட்டினி கிடக்குமே தவிர, குனிந்து தேடாது. அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும்.

முட்டைகள் மிதக்கும். உடனே கரண்டியால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். குஞ்சுகள் இன்னும் மோசம். இரை வாய்க்கு நேரே மிதந்து வந்தால்தான் உண்டு. செடிகளிலிருந்து அசுவினிப் பூச்சியைத் தூரிகையால் தட்டியெடுத்து, நாளைக்கு ஆறு முறை தூவினேன். இரண்டு வருடம் இதுதான் வேலை. நூற்றுக்கணக்கில் செத்து, பதினெட்டு பிழைத்தன. ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்க என் பெயர் போட்ட கட்டுரை ஒன்றாவது வேண்டும். எனக்கு இருந்த ஒரே வழி அந்தப் பதினெட்டு.

பேராசிரியர் என் குறிப்பேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டத் தொடங்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் என்று கேட்டால், “எலி கடிச்சுடும்மா” என்றார். அந்த வீட்டில் எலியை நான் பார்த்ததில்லை. அவருக்கும் என்மேல் சந்தேகம். கிளம்பும்போது, “பையில என்ன, முட்டையா?” என்பார். வாய் சிரிக்கும், கண் சிரிக்காது.

அன்று காலை கட்டுரையின் அச்சுப்படி அவர் மேசையில் கிடந்தது. அவர் பெயர் மட்டும். படத்தில் குஞ்சு நீந்தும் கிண்ணத்தைப் பிடித்திருந்தது என் கை. மணிக்கட்டோடு வெட்டியிருந்தார். அப்போதுதான் கேட்டேன்.

“கைதானே தெரியுது? கைக்கெல்லாம் பேரு போடுவாங்களா?” என்றார்.

அவர் மனைவியைத்தான் நான் அக்கா என்பேன். சமையலறைக்குக் கூட்டிப்போய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். “விடும்மா. முப்பது வருஷமா அவருக்கு எழுதிக் குடுத்தது பூரா நான்தான். எங்கயாவது என் பேரப் பாத்திருக்கியா? பழகிடும்.”

பழகிடும். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினேன்.

ஒரு தவறை ஒத்துக்கொள்கிறேன். முட்டையிடும் காலத்தில் தண்ணீரை ஒரு சாண் உயரத்துக்குக் குறைத்துவிடுவோம். அதனால் ஹீட்டரைத் தொட்டியின் அடியோடு படுக்க வைக்க வேண்டும். காலையில் தொட்டியைச் சுத்தம் செய்ய அதை நிமிர்த்திவைத்தவள், அணைக்காமலே பேரைக் கேட்கப் போய்விட்டேன். பாதி ஹீட்டர் நீருக்கு வெளியே நின்று கொதித்திருக்கிறது. திரும்பி வந்து அதை உள்ளே சாய்த்தபோது ‘டிக்’ என்றது. கண்ணாடிக் குழாயில் முடி கனத்தில் ஒரு விரிசல். நான் படித்தது அறிவியல். மின்சாரம் ஓடும் விரிசலோடு ஒரு தொட்டித் தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மாலை நான்கு மணிக்கு மீன் வளர்ப்போர் சங்கத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மூன்றரைக்கு அக்கா கரண்டியோடு வந்தார். முகத்தை நேரே பார்க்கவில்லை.

“அவங்க முன்னாடி நீ நிக்க வேணாங்கறார்மா. நீ கிளம்பு. முட்டைய நான் எடுத்து வெச்சிடறேன்.”

“சரிக்கா.”

“சுவிட்ச அணைச்சுட்டியா?”

சுவிட்ச் தொட்டிக்குப் பின்னால், சுவரோரம் இருக்கிறது. அணைப்பது என் பொறுப்பு. அக்கா கேட்பார், நான் ‘ம்’ என்பேன், அவர் தண்ணீருக்குள் கையை விடுவார். எட்டிப் பார்த்ததே இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

“ம்” என்றேன்.

நான் மனதில் வைத்திருந்தது பேராசிரியரைத்தான். அவர் அந்தத் தண்ணீரில் விரல்கூட நனைத்ததில்லையே என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் உண்மைதான்.

அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “பாத்துப் போம்மா” என்றார். நான் பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தேன். ஓடவில்லை. வாக்குமூலத்தில் இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: அக்காமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.