மான் திட்டுக்குப் போற வழி

…கயிறு! அதெல்லாம் ஒரு கயிறா? துணி காயப்போடக்கூட லாயக்கில்ல, தம்பி. எம்புருசன் வெர்ன் வாங்கித் தந்தது. "ஆர்லிஸ், படகை மரத்துல கட்டிட்டு எறங்கு"ன்னு காலையில பத்துத் தடவை சொன்னாரு. சொன்னாப் போதுமா? நல்ல கயிறா வாங்கித் தர வேணாம்? ஒன் படகைக் கொஞ்சம் மெதுவா ஓட்டுப்பா, தண்ணி தெறிக்குது. ஏற்கெனவே இடுப்பு வரைக்கும் நனஞ்சு போயி ஒக்காந்துருக்கேன். நவம்பர் மாச மிசிசிப்பி ஆத்துத் தண்ணி… காலு எங்கிட்டதான் இருக்கா இல்லையான்னே தெரியல.

என்ன அப்பிடிப் பாக்குற? கயிறு அறுந்துச்சான்னா? அறுந்துச்சுன்னு நான் எங்க சொன்னேன்? கட்டுனாத்தானே அறுந்து போறதுக்கு! இல்ல, கட்டல. சின்னத் தகரப் படகு, மூக்கைப் புடிச்சு சேத்துல இழுத்து விட்டா அசையாமக் கெடக்கும். மூணு வருசமா அப்பிடித்தான் கெடந்துச்சு. இன்னைக்கு மேல அணையில எவனோ தண்ணியத் தொறந்து விட்டுட்டான். வேட்டை சீசனோட கடைசி நாளு, ஆத்து நடுத் திட்டுல ஒரு பொம்பளை நிப்பாளேன்னு யோசிக்க வேணாம்? திரும்பிப் பாக்குறேன், படகு தம்பாட்டுக்குப் போகுது. டாட்டா காட்டாத கொறைதான்! "ஏய், நில்லு"ன்னு தண்ணிக்குள்ள எறங்கி ஓடுனேன். நாயா இருந்தா நிக்கும். படகு நிக்குமா?

நங்கூரமா? இருக்கே. வீட்டுல இருக்கு. அது தகரத்துல மோதி டங்கு டங்குன்னு சத்தம் போடும்ப்பா. நான் எதுக்குப் படகுல போறேன்? சத்தம் இல்லாமப் போகத்தானே! ரோட்டோரக் காட்டுல மனுசன் நடந்து வந்தா மானுக்கு அர மைலுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். தண்ணிப் பக்கமிருந்து ஆளு வரும்னு அதுக்குத் தோணவே தோணாது. நீ அந்த ஹால்வர்சன் வீட்டை வாங்கிட்டு வந்ததுலருந்து நானும் பாக்குறேன், அந்த ரோட்டோரக் காட்டுல மானுக்காக மரத்துமேல ஏறி ஒக்காந்துட்டு, வெறுங்கையோட வர்ற. பாவமா இருக்கும். வெர்ன்கிட்டகூடச் சொன்னேன், "மில்வாக்கிப் பட்டணத்துப் பையன், அதுக்கு வாயும் இல்ல, வழியும் தெரியல"ன்னு.

சரி, கூத்தைக் கேளு. படகுல என்னென்ன போச்சு தெரியுமா? போன் போச்சு. காட்டுக்குள்ள மணியடிச்சா மான் ஓடிரும்னு அங்கேயே வெச்சுட்டேன். சாப்பாடு போச்சு, சீஸும் மான் சாஸேஜும். அப்பறம்… துப்பாக்கியும் போச்சு. சிரிக்காத! மோட்டார் ஓடுற படகுல குண்டு போட்டு வெக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால உறையோட வெச்சிருந்தேன். மொதல்ல தடம் இருக்கான்னு பாத்துட்டு வந்து எடுத்துக்கலாம்னு எறங்குனேன். அவ்ளோதான். கையில மிஞ்சுனது காப்பி பிளாஸ்க்.

அப்பத்தான் வந்துச்சு, தம்பி. அதான், அந்தப் பெரிய மான்! கொம்பு ரெண்டு பக்கமும்… இந்தா, காட்ட என் கை போதல. கோரைக்குள்ளருந்து சாவகாசமா நடந்து வந்து, முப்பதடி தூரத்துல நிக்குது. காத்து அதுகிட்டருந்து என் பக்கம் அடிச்சுது. நான் மூச்சே விடல. கையில பிளாஸ்க்! மூடியில காப்பி! கர்த்தரே, இந்த மானுக்காக மூணு வருசமா சீசன்ல ஆராதனைக்கே போகலையே, அதுக்கா இந்தத் தண்டனை? அது பாட்டுக்கு ரெண்டு ஓக் கொட்டையைக் கடிச்சுத் தின்னுட்டு, பொதருக்குள்ள போயி படுத்துக்கிச்சு. இப்பவும் அங்கதான் படுத்துருக்கும்.

கத்திக் கூப்புட்டிருக்கலாமா? எப்புடிக் கத்துறது? கத்துனா அது ஓடிராதா? ரெண்டு மணி நேரம் நான் வாயத் தொறக்கல. நான்! எங்கொழுந்தன் டெல்மர்கிட்ட சொன்னா நம்பவே மாட்டான். வெள்ளிக்கெழமையான மீன் வறுவல் சாப்புடப் போவோம்ல, அங்க வெச்சு ஊரே கேக்க, "அண்ணி வாயத் தொறந்தா இந்த ஜில்லாவுல ஒரு மான் நிக்காது"ம்பான். எல்லாம் சிரிக்கும். வெர்னும் சிரிப்பாரு, தட்டைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே. அதுதான் தம்பி எனக்கு… சரி விடு. அந்தக் கொம்பைக் கொண்டுபோயி டெல்மர் தட்டுல நங்குன்னு வெக்கணும். அதுக்காகத்தான் இந்த எடத்தை யாருக்கும் சொல்லல. வெர்னுக்கே தெரியாது. "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கன்னு வந்து தேடுறது"ன்னு கெஞ்சுவாரு. மூச்சு விடலையே நான்! தொப்பியைக் குச்சியில மாட்டி ஆட்டுனேனே, அந்த ஆரஞ்சு நெறம் ஒன் கண்ணுல படலேன்னா, பனி உருகுனப்பறந்தான் என்னைய எடுத்துருப்பாங்க.

என்ன கேட்ட? எந்தப் பொதரா? அதான்ப்பா, என்னைய ஏத்துனியே, அங்கருந்து வடக்கால, இடி விழுந்து பட்டுப்போன ஓக் மரம் ஒண்ணு நிக்கும். அதுக்குக் கீழ. மூணு மணிக்கு எந்திரிச்சுப் பக்கத்து மரத்தடியில கொட்டை பொறுக்க வரும், சொல்லி வெச்ச மாதிரி. ரொம்பக் கிட்ட மோட்டார்ல போகக் கூடாது, துடுப்புதான். எனக்கு இதெல்லாம் கண்டுபுடிக்க ரெண்டு சீசன் ஆச்சு.

கரை வந்துருச்சா? கையைக் குடு… அப்பாடா. தங்கமான பையன்ப்பா நீ. குறுக்க ஒரு வார்த்தை பேசல. எங்க வீட்டுல எவன் இப்பிடிக் கேக்குறான்? எம்படகு கீழ, சாஞ்சு கெடக்குற மரத்துல மாட்டியிருக்குன்னு சொன்னேல்ல, அதை மட்டும் இழுத்துட்டு வந்துரு. நான் வண்டியில ஹீட்டரைப் போட்டுட்டு ஒக்காந்துருக்கேன்.

தம்பி… ஆத்துல கீழ்ப்பக்கம்ப்பா. நீ மேல போற. தம்பி! கீழ! காது கேக்கலையா? அங்க என்ன இருக்கு, நாம வந்த எடந்தானே அது…

ஏய். ஒங்காலுக்கடியில கெடந்த நீள உறை… துப்பாக்கியாடா அது? மீன்தூண்டின்னுல்ல நெனச்சேன்! அடப்பாவி! மூணு வருசம்டா! அது எம்மானுடா! டேய்…

போறானே. நேராப் போறானே… டேய், அப்பிடிப் போகாதடா! காத்து மேக்காலருந்து அடிக்குது, ஒன் வாடை பட்டா எந்திரிச்சு ஓடிரும்டா! கிழக்கு வாய்க்கால்! கிழக்கு வாய்க்கால்ல சுத்திப் போடா!