ஈரம் காணாத தறிக்குழி

உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. காலைத் தறிக்குழிக்குள் தொங்கப்போட்டுக்கொள்ளுங்கள், கூச்சம் வேண்டாம். சுவர் இருந்த இடத்தில் பாய் கட்டியிருக்கிறேன், சாரல் அடிக்காது. இந்த அறுபத்தெட்டாம் வருஷ மழையில் பிள்ளையார்பாளையத்திலேயே ஈரம் காணாத குழி இது ஒன்றுதான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

குழியில் ஊற்றெடுத்தால் நெசவுக்காரனின் கால் ஊறுவது கிடக்கட்டும், பாவு நமுத்து இழை இழையாக அறும். இந்த முறை என் தறியில் ஏறியிருந்தது என் மகள் கலாவதியின் கூறைப்புடவை. தையில் கல்யாணம். ஊரார் பெண்களுக்கெல்லாம் நெய்தவன், சொந்த மகளுக்கு ஈரப் பாவில் நெய்வேனா? கோடையிலேயே குழியைச் சுண்ணாம்பால் பூசி, தரையை ஒரு மூலைக்கு வாட்டமாக்கி, அங்கிருந்து ஒரு சுடுமண் குழாயை ஒட்டுச்சுவருக்கு அடியில் செலுத்தினேன். அந்தப் பக்கம் குமாரசாமியின் தறிக்குழி. என்னுடையதைவிட ஒரு சாண் பள்ளம். குழாய் வாய் அவன் கண்ணில் படாதபடி சுவரின் மண்ணுக்குள்ளேயே நிறுத்திவிட்டேன். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது.

மழை பிடித்ததும் குமாரசாமியும் அவன் மனைவி ஜெயம்மாளும் தினமும் இறைத்தார்கள். ஒருநாள் அவள் என் குழியை எட்டிப் பார்த்தாள்.

"உங்க குழி மட்டும் காஞ்சி கெடக்குதேண்ணா. இன்னா வைத்தியம் பண்ணீங்க?"

"மனசு சுத்தமா இருந்தா போதும்மா" என்றேன்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தங்கமான பெண். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கார்த்திகை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு ஒட்டுச்சுவரில் விரிசல் கண்டேன். அடிப்பக்கம் களியாகியிருந்தது. பயந்துபோனேன். குழாயை அடைக்கலாம்தான், அடைத்தால் தண்ணீர் என் பக்கம் நிற்கும், புடவையோ இன்னும் இரண்டு முழம் பாக்கி. வாலாஜாபாத் போய் பனங்கட்டைகள் கொண்டுவந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தேன், சுவருக்கும் இரண்டு சாய்த்தேன். இனி விழுந்தால் அந்தப் பக்கம்தான் விழும். அமாவாசையன்று எங்கள் தெருவில் ஒருவரும் தறியில் உட்காரமாட்டார்கள். அன்றைக்கு விழுந்தால் யாருக்கும் ஒரு கீறல்கூடப் படாது என்று நிம்மதியானேன்.

அன்று காலை ஜெயம்மாள் வாசலில் நின்றாள்.

"அவரு ஏனாத்தூர் போயிருக்காருண்ணா. தறிதான் சும்மா இருக்குதே, குழிய எறைச்சிடலாம்னு பாக்குறேன். எங்க தகர டப்பா ஓட்டையாப் போச்சி, உங்களுத குடுக்குறீங்களா?"

சுவரைப் பற்றிச் சொன்னால் ஏன் எப்படி என்று கேட்பாள். தகரத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

"பாத்து எறைம்மா" என்றேன். நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

நான் தறியில் உட்காரவில்லை. அமாவாசையை மீறுகிற ஆள் இல்லை நான். தகரம் தரையில் உரசுவதைக் கேட்டுக்கொண்டே நூல் சுற்றினேன். பத்து மணி சுமாருக்குச் சுவர் போனது. ஈர மண் பாருங்கள், பெரிய சத்தமில்லை. என் முட்டுக்கட்டைகள் இம்மிகூட அசையவில்லை.

முதலில் ஓடிப்போய் வெறுங்கையால் மண்ணை வாரியது நான்தான், தெருவே சாட்சி சொல்லும். நகம் பிய்ந்துவிட்டது, பாருங்கள். நான் வாரியது மூலைப் பக்கம். குழாய் அங்கேதான் இருந்தது. ஜெயம்மாள் எதிர்ப்பக்கம் கிடந்தாள், அவள் கை அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். குழாயில் பாதி கிடைத்த பிறகு அவளிடம் போனேன். அதற்குள் கை நின்றிருந்தது. மீதிப் பாதி இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

புடவை முடிந்துவிட்டது ஐயா. தொட்டுப் பாருங்கள், எங்காவது ஈரம் தட்டுகிறதா?

புறப்படலாம். அந்தத் தகரத்தை மட்டும் குமாரசாமியிடமிருந்து வாங்கி வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அது தேவைப்படாது. அக்கம்பக்கத்தில் யாராவது இரவல் கேட்டு வந்தால் இல்லையென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.