செங்கல்லுக்கும் தேதி முத்திரை

...அந்த ஸ்க்ரூடிரைவரக் கீழ வை மொதல்ல. வைய்யா கீழ! இருவத்திரண்டு வருஷமா நான் உக்காந்த மேஜை, வில்மார். இருவது நிமிஷம் பொறுக்க மாட்டியா நீ? தச்சுப் பட்டறையில அப்படி என்ன தலை போற வேலை உனக்கு? பிரின்சிபால் சொன்னாராம், இவரு உடனே கெளம்பி வந்துட்டாராம், என் மேஜையக் கழட்ட. உக்காரு. எங்க உக்காருவ, நாற்காலி எல்லாந்தான் தூக்கியாச்சே! அந்த மெத்தை மூட்டையில உக்காரு. புதைஞ்சு போவ, பாத்து.

இது லைப்ரரியாம். ஓவியக் கல்லூரி லைப்ரரி! நல்லாக் கண்ணத் தெறந்து பாரு. ஜன்னலோரம் என்ன தொங்குது? தூளி! ஒண்ணில்ல, மூணு தூளி. கழுதை வயசாகுது, தாடி வெச்சிருக்கு, தூளில படுத்து ஆடுது. அந்தா, சிற்பம் படிக்கிற கிரெகோரியோ... வாயப் பொளந்துட்டுத் தூங்கறான். அவன் நெஞ்சு மேல கெடக்கே புஸ்தகம், அத இத்தாலிலேருந்து வரவழைக்க எனக்கு ஒம்போது மாசமாச்சு. ஒரு புள்ளையே பெத்திருக்கலாம் அதுக்குள்ள.

அப்புறம் இந்த மாத்தே, குடுவைல ஊத்திக் குழாயால உறிஞ்சற பச்சத் தேத்தண்ணி. மான்டெவிடியோவுல கக்கத்துல வெந்நீர் ஃபிளாஸ்க் இல்லாம எவன் நடக்கறான்? நானும் குடிக்கிறவதான், இல்லங்கல. ஆனா லைப்ரரிக்குள்ளயா? முன்னாடி எல்லாம் ஃபிளாஸ்க்கு, குடுவை, குழாய் எல்லாத்தையும் இந்த மேஜைல வெச்சுட்டுத்தான் உள்ள போவான். இப்ப ஒரு குடுவைய எட்டுப் பேரு மாத்தி மாத்தி உறிஞ்சிக்கிட்டு... புஸ்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் பச்சைக் கறை. த்தூ!

அந்த அலமாரியப் பாத்தியா? புஸ்தகமா இருக்கு அதுல? செங்கல்லு! ரோமத்தோட ஆட்டுத் தோலு, மாட்டுத் தோலு, துருப்பிடிச்ச தகரம். தொட்டுப் பாத்துக் கத்துக்கணுமாம். போன மாசம் மைரான்னு ஒரு பொண்ணு, ஒரு செங்கல்லக் கொண்டாந்து என் முன்னாடி வெக்கிறா. எதுக்குடின்னேன். 'எடுத்துட்டுப் போறேன் செனோரா நெலிதா, பதினஞ்சு நாளைக்கு'ங்கறா. செங்கல்லுக்குத் தேதி முத்திரை குத்தினேன்யா நான், இந்தக் கையால! இன்னொருத்தன் ஆட்டுத் தோல எடுத்துட்டுப் போயித் தொவைச்சுக் கொண்டாரான். அழுக்கா இருந்துச்சாம். சுருங்கிப் பூனைக்குக்கூடப் பத்தாது.

கீழ்த்தட்டுல என்னன்னு கேளு. ஜெராக்ஸ் போட்டு ஸ்டேப்ளர் அடிச்ச கிறுக்கலு. இவனுங்களே எழுதி இவனுங்களே வரைஞ்சது. அதுக்கும் நம்பர் போடணும், அட்டவணைல ஏத்தணும். ஒண்ணுல என்னையே வரைஞ்சிருக்கானுங்க, மூக்கு இவ்ளோ பெருசா... சரி, என் மூக்கு பெருசுதான். அதுக்காக?

என்ன சிரிக்கிற? யாரு இதெல்லாம் கேட்டாங்களா? அப்படிக் கேளு. புது பிரின்சிபால் வந்ததும் வாசல்ல யோசனைப் பெட்டி வெச்சாரு. மாணவர் மனசு தெரியணுமாம். மூணு வாரம் ஒரு சீட்டு விழல. இவனுங்களா எழுதுவானுங்க? எனக்கு வந்துச்சு பாரு எரிச்சல்... நான்தான் எழுதினேன்.

ஆமாய்யா, நான்தான். கத்தாத! இடது கையால எழுதினேன், கிண்டலுக்கு. 'தூளி கட்டித் தாலாட்டுங்க'ன்னு. 'புஸ்தகம் மட்டும் என்ன ஒசத்தி, செங்கல்லையும் கடன் குடுங்க'ன்னு. மனுஷனுக்கு உறைக்கும், பெட்டியத் தூக்கி எறிவாருன்னு பாத்தா, கூட்டம் போட்டு வாசிக்கிறாரு! 'எவ்வளவு புதுமை'ங்கறாரு, கண்ணு கலங்குது அவருக்கு. ஒண்ணு விடாம செஞ்சுட்டாரு. அதவிடக் கொடுமை என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு ஏழு பேரு வந்தா அதிகம்னு இருந்த எடம்யா இது, இப்ப உக்கார எடமில்ல. என் கிண்டலு இவனுங்களுக்குப் புடிச்சுப் போச்சு. வயிறு எரியுது எனக்கு.

அந்தச் செங்கல் அன்னிக்குத்தான், கோவத்துல, கடைசியா ஒண்ணு போட்டேன். 'இந்த மேஜை எதுக்கு, இது என்ன போலீஸ் ஸ்டேஷனா? மேஜையத் தூக்குங்க, அந்தம்மாவ நிலவறைக்கு அனுப்புங்க'ன்னு. என்னையத்தான்யா, என்னையே எழுதினேன்! அதப் படிச்சுட்டாவது 'ச்சே, நெலிதா இல்லாம எப்படி'ன்னு ஒரு வார்த்த சொல்றாரான்னு பாக்கணும்போல இருந்துச்சு.

நோட்டீஸ் ஒட்டிட்டாரு. மேஜை அகற்றப்படும், நெலிதா நிலவறைக் கிடங்குக்கு மாற்றப்படுவார், வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு மறுப்பு பெட்டில விழுந்தாலும் நிறுத்தப்படும். ஒரே ஒண்ணு! நானே எழுதியிருக்கலாம், இடது கை எங்க போச்சு? எழுதல. கெஞ்சறதுக்குக் கை வரல எனக்கு.

வேற யாருமே எழுதலியாவா...?

எழுதியிருந்தாங்க. ஒருத்தர். பெட்டியத் தெறந்து காலி பண்றது நான்தானே. கோணல் எழுத்து, பேரு இல்ல. 'அந்தம்மா திட்டுவாங்க. ஆனா எது எங்க இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். இங்கயே இருக்கட்டும்.' எவனோ கிண்டல் பண்றான்னு நெனச்சேன், வில்மார். அந்தப் பெட்டில வேற என்ன விழும்? சுக்கல் சுக்கலாக் கிழிச்சுட்டு, பெட்டி காலின்னு அவருகிட்டப் போயிச் சொன்னேன்.

வீட்டுக்குப் போற பஸ்ஸுலதான் தோணுச்சு, அது நெசமாவே எழுதினதோன்னு. இப்ப எவனப் போயிக் கேக்கறது நான்?

சரி, கழட்டு. மெதுவாய்யா, இழுப்பறைக்குள்ள என் கண்ணாடி இருக்கு.