ஏழாவது பாட்டின் இருமல்

எங்கள் மூன்று பேரில் கையெழுத்து உருப்படியாக இருந்தது எனக்குத்தான். அதனால் எங்கள் இசைக்குழுவின் தபால் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது.

தம்பி, இசைத்தட்டின் மறுபதிப்பு அட்டையில் போட ஒரு பக்கம் கேட்டீர்கள். "அந்தக் குரல் எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க சார், போதும்" என்றீர்கள். சொல்கிறேன். அச்சடிப்பதும் அடிக்காததும் உங்கள் இஷ்டம்.

பங்க் ராக் என்கிற முரட்டு மேற்கத்திய இசை என்னவென்றே எங்களைச் சுற்றி யாருக்கும் தெரியாத காலம். சலவைக்கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் வாசிப்போம். பாடுகிறவனைத் தகரம் என்று கூப்பிடுவோம். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி குரல். டிரம்ஸ் அவனுடைய அக்கா. கூடப் பிறக்காத நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் பேஸ் கிடார். கச்சேரிக்கு வந்த தலைகளைவிட மேடையில் கிடந்த ஒயர்கள் அதிகம். பத்திரிகைக்காரர்கள் எங்களைச் சீந்தவே இல்லை.

திடீரென்று ஒரு வருடம் தகரத்தின் குரல் மாறியது. ஒவ்வொரு சொல்லும் கிழிந்துகொண்டு வந்தது. முதன்முறையாக ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பயந்துபோய் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தொண்டையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு தபாலில் கிடங்கு முகவரிக்கு வந்தது.

தகரத்துக்கு உறையைத் தொடவே பயம். என்னிடம் நீட்டினான். "நீயே படிச்சுச் சொல்லுடா. நீ சொன்னா நம்புவேன்."

கெட்ட கட்டி. ஒரு வாரத்துக்குள் அறுவை சிகிச்சைக்கு வரவும். உயிர் தப்பும், குரல் தப்புவது சந்தேகம். எல்லாம் நாலே வரியில் இருந்தது. எங்கள் இசைத்தட்டின் ஒலிப்பதிவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"வெறும் புண்ணுதானாம். பாடிக்கிட்டே இருந்தா தானா ஆறிடும்" என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தான். அக்கா கடிதத்தைக் கேட்டபோது, சலவைத் தண்ணீரில் விழுந்து நைந்துவிட்டது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்று வாரத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். ஒலிப்பதிவுக்கூடத்தில் ஏதோ பழுது, தேதி தள்ளிப்போனது. மூன்று வாரம் மூன்று மாதமானது. அதற்குள் வந்த இன்னும் இரண்டு கடிதங்களையும் நானே வாங்கி, முதல் கடிதத்தோடு கிடார் பெட்டியின் துணிக்கு அடியில் வைத்தேன்.

பதினொரு பாட்டையும் ஒரே பகலில் பதிந்தோம். ஏழாவது பாட்டின் உச்சத்தில் இருமல் வந்தது. கைக்குட்டையில் ரத்தம். நிறுத்தலாமா என்று கையால் கேட்டான். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். பாடி முடித்தான்.

பிறகு அவனைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் டாக்டர், "மூணு கடிதம் போட்டோமே" என்றார். அக்கா தகரத்தைப் பார்த்தாள். அவனுக்கு அப்போது பேச்சு போயிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தான்: "வந்துச்சு. நான்தான் பயந்து கிழிச்சுப் போட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் போய்ச் சேரும்வரை அக்கா அவனைத் திட்டித் தீர்த்தாள். இன்றும் அவன் மேல்தான் கோபமாக இருக்கிறாள். அவள் எனக்குத் தட்டில் சாப்பாடு போடும்போதெல்லாம் எனக்குக் கூசும்.

இருநூறு பிரதிகூட விற்காத எங்கள் இசைத்தட்டு, கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிருக்கிறது. போன மாதம் ஒரு கச்சேரிக்குப் போனேன். பாடிய பெண்ணுக்கு எங்கள் மொழியே தெரியாது. ஏழாவது பாட்டைப் பாடினாள். அந்த இடம் வந்ததும் பிசகாமல் இருமினாள். கூட்டமும் சேர்ந்து இருமியது. நான் அழுதேன். பெருமையில் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவர் தோளில் தட்டினார். பாதி சரிதான். அதுதான் எனக்கு ரொம்ப வெட்கம்.

அவனைக் கொன்றது நான். மூன்று கடிதங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் அக்காவிடம் காட்டுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.

பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்யப் போவதாகச் சொன்னீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். அந்த இருமலில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், தம்பி.