உவர்மல்லியின் எண்ணிக்கை

உப்புச் சேற்றில் நடக்கப் போகிறவர்கள் மாற்றுக் காலுறை ஒரு ஜோடி எடுத்துச் செல்வது நல்லது. முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன்; ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் ஆட்களும் அன்றைக்கு ஈரக் காலோடுதான் நின்றார்கள்.

அந்த நான்கு நிமிடத் தொலைபேசிப் பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் பூவிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். நீங்கள் தாவரவியல் படித்தவரில்லை. அது உங்கள் குற்றமுமில்லை.

உவர்மல்லி சுண்டுவிரல் நகம் அளவுப் பூ. வெளிறிய ஊதா. கடல் ஏறி இறங்கும் சதுப்பில் வருடத்துக்குச் சில நாள்தான் பூக்கும். அதைக் கண்டுபிடித்தவன் நான். அதன் அறிவியல் பெயரின் வாலில் என் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொத்தமே நாற்பத்தொரு செடிதான் என்று நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. கிள்ளினால் சிறை. துறைமுகச் சாலையையே அது பதினோரு கிலோமீட்டர் சுற்றிப் போக வைத்தது. பெரிய பொறியாளர்கள் என் அறை வாசலில், வாத்தியாரைப் பார்க்க வந்த பிள்ளைகள் மாதிரி காத்துக் கிடந்தார்கள்.

சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆயிரம் செடிக்கு மேல் இருந்தால் அது அரியது இல்லை, பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். ஆயிரம் என்ற எண்ணைப் பார்த்து அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

என் மனைவியின் தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஐம்பது வயது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஃபிரிட்ஜில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மனிதர்களை விசாரிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில், எச்சில் கையோடு, போனை என் முன் நீட்டினான்.

“அத்தான், இது உங்க பூ தானே?”

அதேதான். சதுப்பு முழுக்க ஊதா.

“எங்க எடுத்தது?”

“மீன் கம்பெனிக்குப் பின்னாடி. ஐஸ் மெஷின் பாக்கப் போனேன். சும்மா கொட்டிக் கிடக்கு அத்தான். மூவாயிரமாவது இருக்கும். நீங்க என்னமோ நாப்பத்தொண்ணுன்னு சொல்லிட்டிருக்கீங்க.”

என் மனைவி சிரித்தாள். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள். தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

“வேற யாருக்காவது காட்டினியா?”

“உங்களைத் தாண்டி யாருக்குக் காட்டப்போறேன்? நீங்களே மேலிடத்துல சொல்லுங்க. பேரு உங்களுக்கே இருக்கட்டும்.”

என் பெயரை எனக்கே தானம் செய்தான். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மேலிடத்தில் சரியான எண்ணிக்கை கேட்பார்கள், புதன்கிழமை போய் எண்ணிவிட்டு வா என்றேன். உடனே ஒப்புக்கொண்டான்.

“தண்ணி எப்ப ஏறும் அத்தான்?”

“நாலு மணிக்கு மேலதான். நிதானமா எண்ணு.”

அந்தப் புதன்கிழமை கடல் ஏறத் தொடங்குவது ஒன்றரை மணிக்கு. சதுப்பில் தண்ணீர் முன்னாலிருந்து வரும் என்று உங்களைப் போன்றவர்கள் நினைப்பீர்கள். அது ஓடைகள் வழியாக முதுகுக்குப் பின்னால் நிறையும். எண்ணுகிறவன் குனிந்துகொண்டிருப்பான்.

இரண்டு ஐந்துக்கு அழைத்தான்.

“அத்தான், ரெண்டாயிரத்து நூறு வரைக்கும் எண்ணிட்டேன். ஆனா வந்த வழியில தண்ணி நிக்குது. முழங்கால் அளவுதான். இப்பவே கம்பெனிப் பக்கம் ஓடிடட்டுமா?”

ஓடியிருந்தால் பிழைத்திருப்பான்.

“ஓடாத, சேறு உள்ள இழுத்துடும். மேடா பாத்து அசையாம நில்லு. அரை மணியில வடிஞ்சிடும்.”

“நீங்க சொன்னா சரிதான்.”

பிறகு எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு ரப்பரைப் பற்றிப் பேசினான். ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றித் தருவதாகச் சொன்னான். அவனுக்கு நீச்சல் தெரியாது. பேச்சை விட்டால் பயம் வந்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். கடைசியில் குரல் கொஞ்சம் மாறியது.

“அக்கா போன எடுக்க மாட்டேங்குறா. கொஞ்சம் கூப்பிடுறீங்களா?”

அவள் அடுத்த அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போனைக் காலையிலேயே எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். வெளியே போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து ஒன்பது நாள் மீன் கம்பெனிக்குப் பின்னால் போனேன். மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு செடி. அத்தனையையும் வேரோடு எடுத்துச் சாக்கில் கட்டினேன். மெக்கானிக்கின் கண்ணளவு மோசமில்லை, ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் நாள் கொட்டகையில் அந்தச் சாக்குகளைப் பார்த்த என் மனைவிதான் உங்களைக் கூப்பிட்டாள். அவளுக்கும் தாவரவியல் தெரியாது.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். மைத்துனனைச் சாகவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கொன்றேன் என்று மாற்றுங்கள், அதுதான் துல்லியம். அதற்கு எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியாது, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் செடிகளை அழித்தார் என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறாரே, அந்த வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பூவைக் காப்பாற்ற இத்தனை தூரம் போனவன் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள்.